இல்லவாசி

இல்லவாசிகள் கல்விக்கூடம் என்று கதவுக்கு மேலே எழுதி வைத்திருக்கிறார்கள், பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்து. கைதி என்று சொல்லக் கூடாதாம். வாசலில் சோதனை போட்ட பெண் காவலரிடம், "அந்தக் கைதிய எங்க வச்சுப் பாக்க விடுவீங்க?" என்று கேட்டதற்கு, கூட வந்த நிரஞ்சனா என் முழங்கையை மெதுவாகத் தொட்டு, "அம்மா, இங்க இல்லவாசின்னுதான் சொல்லுவாங்க" என்றாள். நிரஞ்சனா சென்னையிலிருந்து வருகிற தொண்டு நிறுவனத்துப் பெண். குற்றம் செய்தவனையும் பறிகொடுத்தவர்களையும் எதிரெதிரே உட்கார வைத்துப் பேச வைப்பது அவள் வேலை. அதற்கும் ஒரு வேலை இருக்கிறது, அதற்கும் ஒரு படிப்பு இருக்கிறது. இல்லவாசி என்றால் இல்லத்தில் வசிப்பவன். பெயரென்னவோ நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் ஊர்ப் பேச்சில் இல்ல என்றால் இல்லை என்று அர்த்தம். சோறு இருக்கா, இல்ல. தண்ணி வந்துச்சா, இல்ல. மகன் இருக்கானா, இல்ல. அப்படிப் பார்த்தால் என் மகன் இசக்கிராஜா அல்லவா இல்லவாசி. பதினோரு வருஷமாக இல்ல. ரேஷன் கார்டிலும் இல்ல, வாக்காளர் பட்டியலிலும் இல்ல, கட்டிலிலும் இல்ல. அவனைக் குத்திக் கொன்ற பேச்சிமுத்து இருக்கிறான். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறான், பத்தாம் வகுப்பு எழுதினான், பன்னிரண்டாம் வகுப்பு எழுதினான், பி.ஏ. தமிழ் முடித்துவிட்டான், இப்போது மற்ற கைதிகளுக்குப் பாடம் எடுக்கிறானாம். அவனுக்குப் பெயர் இல்லவாசி. உயிரைத்தான் எடுத்தான் என்று பார்த்தால், என் பிள்ளைக்குச் சேர வேண்டிய பெயரையும் அவனுக்கே எடுத்துக் கொடுத்துவிட்டார்கள்.

உட்காருங்கம்மா, கூட்டிட்டு வந்துருவாங்க என்று சொல்லிவிட்டு நிரஞ்சனா ஜெயிலரைப் பார்க்கப் போனாள். போனவள் போனவள்தான். பெஞ்சு குள்ளமாக இருக்கிறது. ஏதோ ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் கழித்துப் போட்டதாக இருக்கும். முழங்கால் மடங்க மாட்டேன் என்கிறது, மடங்கினால் நிமிர மாட்டேன் என்கிறது. மேலே காற்றாடி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தரம் முனகுகிறது. பினாயில் வாடை, அதற்கு அடியில் எங்கேயோ ரொட்டி வேகிற வாசம். வெளியே சிறை அங்காடி என்று ஒரு கடை இருக்கிறது, உள்ளே இருப்பவர்கள் சுட்ட பன்னும் ரொட்டியும் விற்கிறார்கள், ஜனம் வரிசையில் நின்று வாங்குகிறது. சாப்பிட்டுப் பாருங்கம்மா, ரொம்ப சாஃப்டா இருக்கும் என்று இந்தப் பெண் என்னிடமே சொல்கிறாள். என் வாயில் நல்ல வார்த்தை வந்தது, முழுங்கிக்கொண்டேன். பஸ்ஸிலிருந்தே ஒண்ணுக்கு முட்டுகிறது. வாசல் பக்கம் நிற்கிற வார்டரிடம் கேட்டால் பெண்களுக்கு வெளிக்கேட்டுப் பக்கம்தான் என்பார், மறுபடி ஒரு சோதனை, மறுபடி கையில் ஒரு முத்திரை. வேண்டாம், அடக்கிக்கொள்ளலாம். எத்தனையோ அடக்கியாயிற்று. இருபத்தைந்து வருஷமாக நியாயவிலைக் கடையில் விற்பனையாளராக நிற்கிறேன். கடைக்குப் பெயர் வைத்தவன் கையில் கிடைத்தால் கேட்க வேண்டும். அரிசி வருகிறது, பருப்பு வருகிறது, பாமாயில் வருகிறது, நியாயம் மட்டும் ஒரு நாளும் லோடு வந்ததில்லை. ஆவுடையக்கா வாயில் விழாதே என்று ஊரில் சொல்வார்கள். விழட்டுமே. இன்றைக்கு ஒருத்தன் விழப் போகிறான். அவனை முன்விடுதலை செய்யலாமா என்று அரசாங்கம் யோசிக்கிறதாம், அதற்குப் பறிகொடுத்த குடும்பம் என்ன சொல்கிறது என்றும் கேட்பார்களாம். என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வேண்டும். அதற்குத்தான் இந்த மரியாதை, பஸ் ஸ்டாண்டிலிருந்து கூட்டி வர இந்தக் கார், இந்த அம்மா அம்மா. முடியாது என்று சொல்லப் போகிறேன். வீட்டில் இருந்தே சொல்லியிருக்கலாம். அவன் மூஞ்சியைப் பார்த்துச் சொல்ல வேண்டும், அதற்காகத்தான் வந்தேன். முடியாது. ஒரே வார்த்தை. பஸ்ஸில் வரும்போது சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன், பக்கத்து சீட்டுக்காரி ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

எதிரே கரும்பலகை. யாரோ அழகாக எழுதியிருக்கிறார்கள், முத்து முத்தாக. தன்வினை, பிறவினை. நடுவில் கோடு. தன்வினை: உருண்டான். பிறவினை: உருட்டினான். தன்வினை: திருந்தினான். பிறவினை: திருத்தினான். உள்ளே வந்ததும் நிரஞ்சனா பெருமையாகக் காட்டினாள், "இது பேச்சிமுத்து எழுதினது. கையெழுத்தப் பாத்தீங்களாம்மா? இங்க வரும்போது அவருக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும்." அவருக்கு. அவராம். என் மகன் பி.காமில் இரண்டு பேப்பர் அரியர் வைத்திருந்தான். அதை எழுதி முடிக்க அவனுக்கு நேரம் கொடுக்கவில்லை. அவனுடைய கையெழுத்துக் கோழி கிண்டின மாதிரி இருக்கும், வாத்தியார்மார்கள் திட்டுவார்கள். இன்னும் கொஞ்சம் வருஷம் இருந்திருந்தால் அவனுக்கும் கையெழுத்துத் திருந்தியிருக்குமோ என்னவோ. கொன்றவனுக்குத் திருந்தியிருக்கிறதே. எட்டாம் வகுப்பில் நானும் இதைப் படித்தேன், செயலைத் தானே செய்தால் தன்வினை, பிறரைக் கொண்டு செய்வித்தால் பிறவினை. இறந்தான் என்பது தன்வினை. அதற்குப் பிறவினை என்ன? பலகையில் இல்லை. யோசித்துப் பார்க்கிறேன், எனக்கும் வரவில்லை. இறத்தினான் என்று ஒரு சொல் தமிழில் இல்லவே இல்லை. செத்தான் என்று போட்டால் சாகடித்தான் என்று வரும். ஆனால் வாத்தியார் எழுதமாட்டார். வாத்தியார் திருந்தினான் என்று எழுதுவார். சொல்பவனும் அவனே, சாட்சியும் அவனே. எழுந்து போய்க் கையால் அழித்துவிட்டால் என்ன. வார்டர் பார்த்துக்கொண்டிருக்கிறார். பார்க்கட்டும். எழுந்திருக்கத்தான் முழங்கால் விடவில்லை.

கோர்ட்டில் அவன் சொன்னது எனக்கு ஒவ்வொரு எழுத்தும் தெரியும். "கோவம் வந்துட்டுங்கய்யா, கத்தி பட்டுட்டுங்கய்யா." கோபம் தானாக வந்ததாம். கத்தி தானாகப் பட்டதாம். நடுவில் இவன் எங்கே இருந்தான்? பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தானா? கத்திக்குக் கால் முளைத்துக் கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டிலிருந்து நடந்து வந்து என் மகன் விலாவைத் தேடிப் பிடித்ததா? எனக்கும்தான் கோபம் வருகிறது. காலையில் பல் தேய்க்கும்போது வருகிறது, பில் போடும்போது வருகிறது, எவளாவது மகனுக்குக் கல்யாணம் என்று பத்திரிகை நீட்டும்போது வருகிறது. வந்து என் மேலேயேதான் பட்டுக்கொண்டிருக்கிறது. பேப்பரில் போட்டான், முன்விரோதம் காரணமாக வாலிபர் குத்திக் கொலை. என்ன முன்விரோதம்? அன்றைக்கு மத்தியானம் வரைக்கும் ஒருத்தன் மூஞ்சியை ஒருத்தன் பார்த்ததில்லை. தென்காசிப் பக்கம் ஒரு கல்யாணம், கூடப் படித்த சேக்காளியின் அக்காள் கல்யாணம். பந்தியில் கூட்டம். சேக்காளிக்காக என் மகன் ஒரு நாற்காலியில் கைக்குட்டை போட்டு இடம் பிடித்து வைத்திருந்தான். பஸ்ஸில் போடுவது போலத்தான், நாட்டில் எல்லாரும் போடுவதுதான். இந்தப் பேச்சிமுத்து வந்து கைக்குட்டையை எடுத்துக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் பிளாஸ்டிக் நாற்காலியின் கால் மடங்கி மல்லாக்க விழுந்தான். பந்தியே சிரித்தது. பரிமாறுகிறவன் சிரித்தான், மாப்பிள்ளையின் பெரியப்பா சிரித்தார். இவன் காதில் விழுந்தது என் மகன் சிரித்தது மட்டும்தானாம். சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போன இடத்தில், மண்டபத்துக்குப் பின்னால், குழாயடியில். அவ்வளவுதான். ஒரு கைக்குட்டை, ஒரு நாற்காலி, ஒரு சிரிப்பு. இதை வைத்து ஒரு உயிர் போகுமா என்று எத்தனை ராத்திரி கூட்டிக் கழித்துப் பார்த்திருப்பேன். போயிருக்கிறதே.

அவன் சிரிப்பு எனக்குத் தெரியாதா. விக்கல் எடுத்த மாதிரி விட்டுவிட்டு வரும், நிறுத்த நினைத்தால் இன்னும் பலமாக வரும். பிணம் கிடந்த துஷ்டி வீட்டில்கூட ஒரு தரம் சிரித்துத் தொலைத்தான், யாரோ சங்கை மாற்றி ஊதிவிட்டார் என்று. நான்தான் முந்தானையால் அவன் வாயைப் பொத்தி வெளியே இழுத்து வந்தேன். வெளியே வந்து நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எப்படி இருந்தது? விக்கல் மாதிரி என்று சொல்கிறேனே தவிர, காதில் கேட்கவில்லை. கேட்க வைத்துப் பார்க்கிறேன். காற்றாடி முனகுகிறது. வேறு யாரோ சிரிக்கிற மாதிரிதான் வருகிறது, டிவியில் சிரிப்பவன் மாதிரி. பயமாக இருக்கிறது. முகம் இருக்கிறது, போட்டோ இருப்பதால் முகம் இருக்கிறது. அதுவும் போட்டோவில் இருக்கிற ஒரே முகம்தான் வருகிறது, திரும்பிப் பார்க்கிற முகம், தூங்குகிற முகம், பசிக்கிற முகம் எதுவும் வருவதில்லை. ஆனால் பேச்சிமுத்துவின் முகம் எல்லாப் பக்கமும் வருகிறது. கோர்ட்டுக் கூண்டில் பக்கவாட்டில், போலீஸ் வேனில் ஏறும்போது முதுகு, தண்ணீர் குடிக்கும்போது அண்ணாந்த கழுத்து. பெற்ற பிள்ளை மறந்து போகிறான், கொன்றவன் நினைவில் இருக்கிறான். இதைவிடக் கேவலம் உண்டா. கோபம் இருக்கிற மட்டும்தான் இசக்கிராஜாவும் என்னிடம் இருப்பான் என்று எனக்கு ஒரு எண்ணம். கோபம் போய்விட்டால் கையில் ஒன்றும் மிஞ்சாது. இந்தப் பெண் நிரஞ்சனா அதைத்தான் எடுத்துக்கொண்டு போக வந்திருக்கிறாள். இறக்கி வச்சிருங்கம்மா, பாரமா இருக்கும்ல என்கிறாள். நான் என்ன சுமைகூலியா, இறக்கி வைத்துவிட்டுப் போவதற்கு.

வீட்டுக்காரரும் இறக்கி வைத்துவிட்டார். நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வந்து மெதுவாகப் பேச்சை எடுத்தபோது, நான் வாயைத் திறக்கும் முன்னால் அவர், "விட்டுருவோம் சார்" என்றார். காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அலுவலர் போனபிறகு நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. "ஏட்டி, அவன உள்ளயே வச்சிருந்தா மட்டும் நம்ம பய எந்திச்சு வந்துருவானா?" என்றார். "வராட்டா போவுது, இவன் ஏன் வெளிய வரணும்?" என்றேன். "எனக்கு அலுத்துட்டு ஆவுடை" என்றார். அலுத்துவிட்டதாம். டெப்போவில் பஸ் பிரேக் பார்த்துப் பார்த்து ரிட்டயர் ஆன மனிதர். ஒரு பஸ்ஸுக்கு அலுப்புப் பார்த்து பிரேக் பார்க்காமல் விட்டிருப்பாரா? மகன் காரியம் என்றால் மட்டும் அலுத்துவிடும். அன்றிலிருந்து சரியாகப் பேசவில்லை. நான் இங்கே வருவது தெரியும். புறப்படும்போது தண்ணீர் பாட்டிலை நிரப்பி என் பைக்குள் வைத்தார். அந்தப் பாட்டிலைக் கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

மூன்று தடவை வீட்டுக்கு வந்து எனக்குப் பாடம் எடுத்தாள் இந்தப் பெண். அவனுக்கு இங்கே எத்தனை பாடமோ. வட்டமாக உட்கார வேண்டும், குறுக்கே பேசக் கூடாது, திட்டக் கூடாது. ஒரு சங்கு வைத்திருக்கிறாள், ராமேஸ்வரத்தில் விற்கிற மாதிரிச் சின்னச் சங்கு. அது யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேச வேண்டும். சின்னப் பிள்ளைகள் விளையாட்டு. நான் கேட்டேன், "இந்தச் சங்கக் கையில குடுத்து முடியாதுன்னு சொன்னா எழுதிக்கிடுவியா?" என்று. "கண்டிப்பாம்மா. நீங்க மன்னிக்கணும்னு நாங்க சொல்லவே இல்ல. இது உங்களுக்கான இடம். ஒரு க்ளோஷர் கிடைக்கும்" என்றாள். எங்கள் கடையில் தினமும் சாயங்காலம் க்ளோசிங் பார்ப்போம், எத்தனை மூட்டை வந்தது, எத்தனை போனது, எத்தனை மிச்சம். க்ளோசிங் பார்த்துவிட்டால் ஷட்டரை இறக்கலாம். அவள் அதைத்தான் சொல்கிறாள் போலிருக்கிறது. பாவம், கெட்டவள் இல்லை. என் மகன் இருந்திருந்தால் அவனைவிட வயது குறைவு. நல்ல மனசுக்காரர்கள் மேல்தான் எனக்கு அதிகம் எரிச்சல் வருகிறது, கெட்டவனைத் திட்டினால் திருப்பித் திட்டுவான், இவர்கள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்கிறார்கள். இவ்வளவும் அவனுக்காகச் செய்கிறார்களே, புத்தகம், பரீட்சை, பட்டம், மேடை போட்டு மாலை. பதினோரு வருஷத்தில் ஒரு நாயாவது என் வீட்டுப் படியேறி, ஆவுடையம்மா, நீ ராத்திரி தூங்குகிறாயா என்று கேட்டதா? அவன் திருந்தினால்தான் என் ஞாபகம் வருகிறது இவர்களுக்கு. அவன் திருந்தாமல் கிடந்திருந்தால் என்னை யாரும் தேடியிருக்கமாட்டார்கள். என்னைக் கூப்பிட்டது என் துக்கத்துக்காக இல்லை, அவனுடைய திருத்தத்துக்கு ஒரு முத்திரை வேண்டும், அதற்காக.

வரட்டும். அழுவான் என்று நினைக்கிறேன். அழுதால் என்ன செய்வது? அழுகிற ஆம்பிளையைப் பார்த்தால் எனக்குத் திட்டு வராது, எவனாக இருந்தாலும். அதுதான் பயம். காலில் விழுவான். விழுந்தால் காலை இழுத்துக்கொள்ள வேண்டும். இந்தக் குள்ளப் பெஞ்சில் உட்கார்ந்தபடி எங்கே இழுப்பது. நின்றுகொண்டே பேசலாம். நின்றால் எதையாவது பிடிக்க வேண்டியிருக்கும், பிடித்தால் பயந்துவிட்டாள் என்று நினைப்பான். அம்மா என்று கூப்பிடுவான், அதற்கு மட்டும் விடக் கூடாது. ஊரில் வயசான பொம்பிளையை அம்மா என்று கூப்பிடுவது வழக்கம்தான், கடைக்கு வருகிறவன் எல்லாம் கூப்பிடுகிறான், நிரஞ்சனா கூப்பிடுகிறாள், வார்டர் கூப்பிடுகிறார். அவன் கூப்பிடக் கூடாது. முடியாது. ஒரே வார்த்தை. சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய் முதலில் பாத்ரூம், பிறகு பஸ் ஸ்டாண்டு. வெளியே செருப்புச் சத்தம் கேட்கிறது. இரண்டு பேர், இல்லை மூன்று பேர். நிரஞ்சனாவின் குரல், தாழ்ந்து, வேகமாக, பரீட்சை ஹாலுக்கு வெளியே பிள்ளைக்குக் கடைசி நேரத்தில் சொல்லிக்கொடுக்கிற குரல்.

முதலில் அடையாளம் தெரியவில்லை. வெள்ளை அரைக்கைச் சட்டை போட்ட ஒரு நடுத்தர வயதுக்காரன், முன்மண்டையில் முடி கொட்டி, கண்ணாடி போட்டு, ஏதோ கிராம நிர்வாக அலுவலர் மாதிரி நிற்கிறான். இத்தனை வருஷமும் நான் வெறுத்துக்கொண்டிருந்தது ஒரு சின்னப் பயலை. அவன் எங்கே போனான்? இவனுக்கு வழுக்கை விழ நேரம் கிடைத்திருக்கிறது, கண் மங்க நேரம் கிடைத்திருக்கிறது. என் மகனுக்கும் இந்நேரம் இப்படித்தான் விழுந்திருக்கும், அவன் அப்பாவுக்கு முப்பதிலேயே விழுந்துவிட்டது. அந்த வழுக்கையைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம் பொங்கியது. நிரஞ்சனா வந்து பக்கத்தில் உட்கார்ந்து சங்கை எடுத்தாள். நான் அதை வாங்கிப் பெஞ்சில் வைத்துவிட்டேன். அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றபடியே சொன்னான். "நான் பேச்சிமுத்து. ஒங்க மகன் இசக்கிராஜாவ நான்தான் குத்திக் கொன்னேன். தப்பு முழுக்க என்னோடது. அவரு எந்தத் தப்பும் பண்ணல. ஒங்களுக்கு நான் பண்ணினதத் திருப்பிச் சரி பண்ண முடியாது." அவன் சொல்லச் சொல்ல நிரஞ்சனாவின் உதடும் சத்தமில்லாமல் அசைந்தது, ஆண்டு விழா மேடையில் பிள்ளை பேசும்போது டீச்சர் உதடு அசைகிற மாதிரி. கொன்னேன். இந்த வார்த்தைக்குத்தான் பதினோரு வருஷம் காத்திருந்தேன். வந்துவிட்டது. வந்து என்ன, எனக்கு ஒன்றுமே ஆகவில்லை.

"யாரு சொல்லிக் குடுத்தா?" என்றேன். அவன் நிரஞ்சனாவைப் பார்த்தான். "மேடம்தான். ஆனா நெசந்தாம்மா." "அம்மாங்காத." "சரி." முடியாது என்று சொல்ல வேண்டிய நேரம் அதுதான். வாயைத் திறந்தேன். வந்தது வேறு. "அவன் கடைசியா என்னமும் சொன்னானா?" என்று கேட்டுவிட்டேன். கேட்க வேண்டும் என்று நினைத்து வரவில்லை, சத்தியமாக நினைக்கவில்லை. குழாயடியில் அன்றைக்கு இரண்டு பேர்தான். ஆட்கள் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அம்மான்னுதான் கூப்பிட்டிருப்பான் ஆவுடை என்று ஊரில் ஆளாளுக்குச் சொன்னார்கள், பார்த்த மாதிரி. இவனும் அதையே சொல்வான், எனக்குப் பிடிக்கும் என்று சொல்வான், சொன்னால் செருப்பைக் கழற்றுவது என்று இருந்தேன். அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "பேச்சிமுத்து, நாம பேசினபடி..." என்று நிரஞ்சனா ஆரம்பித்தாள். "இது நாம பேசாதது மேடம்" என்றான்.

"ஒண்ணும் சொல்லல. என் சட்டையப் பிடிச்சான். சண்டைக்குப் பிடிக்கல, கீழ விழுந்துருவோம்னு பிடிச்சான். எடது கையால, இங்கன." சட்டைப் பையின் மேலே கையை வைத்துக் காட்டினான். "நான் தட்டி விட்டேன். திரும்பவும் பிடிச்சான். திரும்பவும் தட்டி விட்டேன். அப்பறம்தான் விழுந்தான்." காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. "கோர்ட்டுல ஏன் சொல்லல?" "யாரும் கேக்கல. சொன்னா தண்டனையக் கூடப் போட்டுருவாங்கன்னு பயம்." "இப்பம்?" "இப்பமும் பயந்தான். நீங்க என்னை வெளிய விட வேண்டாம்னுருவீங்கன்னு. ஆனா கேட்டுட்டீங்களே." நிரஞ்சனா முகம் வெளுத்துப் போயிருந்தது. இது அவள் பாடத்தில் இல்லை. என் பிள்ளை கை இரண்டு தரம் இவனைப் பிடித்திருக்கிறது. கொல்கிறவனைத்தான் பிடித்திருக்கிறான், வேறு யாரும் பக்கத்தில் இல்லை, நான் பக்கத்தில் இல்லை. விழாமல் இருக்க ஒரு பிடி. அதைக்கூடத் தட்டி விட்டிருக்கிறான் பாவி.

எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை, முழங்கால் எழுந்துவிட்டது. அவன் சட்டையை, அவன் காட்டிய அதே இடத்தில், இடது கையால் கொத்தாகப் பிடித்தேன். பொத்தான் ஒன்று தெறித்தது. வார்டர் ஓடி வந்தார். "இருக்கட்டும் சார்" என்றான் அவன். "தட்டி விடு" என்றேன். இரண்டு கையையும் தொங்கவிட்டுக்கொண்டு நின்றான். "தட்டி விடுல பாப்போம். அவனத் தட்டி விட்டேல்லா, என்னையும் தட்டி விடு." அவன் அசையவில்லை. சட்டைக்குள்ளே அவன் நெஞ்சு அடிப்பது என் விரலில் தெரிந்தது. கோபத்தில் பிடித்துவிட்டாள் என்றுதான் மற்றவர்கள் நினைத்தார்கள். கோபத்தில்தான் பிடித்தேன். ஆனால் பிடித்த பிறகுதான் தெரிந்தது, விட்டால் நான் விழுந்துவிடுவேன்.

"நீ வெளிய போகக் கூடாது" என்றேன். "ஆபீசர்ட்ட நான் சொல்லிருதேன். எனக்குச் சம்மதம் கிடையாது." "சரி" என்றான். கெஞ்சவில்லை, முகம் மாறவில்லை. "வெளிய விட்டா எங்கயாவது போயிக் கல்யாணம் கட்டி, பிள்ளையப் பெத்து, எல்லாத்தையும் மறந்துருவ. ஒன்னை மறக்க விடமாட்டேன். அடுத்த மாசம் வருவேன். பந்தியிலருந்து சொல்லணும். என்ன சட்ட போட்டிருந்தான், யாருகூடப் பேசிட்டிருந்தான், எப்படிச் சிரிச்சான், எல்லாம் ஒண்ணு விடாமச் சொல்லணும். ஒன்னத் தவிர எவனுக்கும் தெரியாது." "சொல்லுதேன்" என்றான். அவன் குரல் அப்போதுதான் உடைந்தது. நிரஞ்சனா அழுதுகொண்டிருந்தாள், அவள் ஏன் அழுகிறாள் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. "கைய எடுங்கம்மா" என்றார் வார்டர். எடுக்குதேன் என்றேன். எடுக்கவில்லை.